தொண்ணூறுகளின் ராப் இசைத்தொகுப்புகளும் வட்டாரச் சார்பும்: மூன்று நகரங்களை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

1990களில் வெளிவந்த அமெரிக்க ராப் இசைத்தொகுப்புகளுள் எவை செவ்வியல் தகுதி பெற்றவை என்னும் விவாதம் பெரும்பாலும் வட்டாரச் சார்பு குறித்த குற்றச்சாட்டில் வந்து முடிகின்றது. நியூயார்க் விமர்சகர்கள் தம் நகரத்துப் படைப்புகளுக்கு மிகுதியான மதிப்பெண் வழங்கினர் என்பதே அக்குற்றச்சாட்டின் பொதுவடிவம். நாஸின் ‘இல்மேட்டிக்’ (1994), டாக்டர் டிரேயின் ‘தி குரோனிக்’ (1992), அவுட்காஸ்ட் இணையரின் ‘சதர்ன்பிளேயலிஸ்டிக்காடிலாக்மியூசிக்’ (1994) ஆகிய மூன்று தொகுப்புகளை ஒப்பிடும் இக்கட்டுரை, சார்பு மதிப்பெண்ணில் இருப்பதைவிட அம்மதிப்பெண்ணுக்குப் பின்னுள்ள அளவுகோலில் இருக்கின்றது என்பதை நிறுவ முயல்கின்றது. ஒரு தொகுப்பின் ‘ஆசிரியர்’ யார் என்பதை ஒவ்வொரு நகரமும் வெவ்வேறு விதமாக வரையறுத்தது. அவற்றுள் ஒரு வரையறை மட்டுமே பொதுவிதியாகக் கொள்ளப்பட்டது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: ராப் இசை, ஹிப்-ஹாப் விமர்சனம், வட்டாரச் சார்பு, செவ்வியல் தகுதி, படைப்பாசிரியம், நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், அட்லாண்டா

முன்னுரை

1994 ஏப்ரல் 19 அன்று நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த நாஸ் என்னும் இருபது வயது இளைஞரின் முதல் தொகுப்பு வெளிவந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, அட்லாண்டாவைச் சேர்ந்த ஆந்த்ரே 3000, பிக் பாய் என்னும் இருவர் அவுட்காஸ்ட் என்ற பெயரில் தம் முதல் தொகுப்பை வெளியிட்டனர். அவ்விருவரும் அப்போது இருபது வயதை எட்டியிருக்கவில்லை. இவ்விரு தொகுப்புகளும் தத்தம் நகரத்து இளமைக்கால வாழ்வைப் பாடுபொருளாகக் கொண்டவை. எனினும் முதலாவது தொகுப்பு வெளிவந்த நாள் முதலே செவ்வியல் படைப்பாகப் பேசப்பட்டது. இரண்டாவது, ‘தெற்கிலிருந்து வந்த நல்ல தொகுப்பு’ என்ற அடைமொழியுடனேயே நெடுங்காலம் குறிக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டைத் தரத்தால் மட்டும் விளக்க இயலுமா என்பது இக்கட்டுரையின் முதல் வினா. சார்பு என்று விளக்கினால், அச்சார்பு எங்கே, எவ்வடிவில் இயங்கியது என்பது இரண்டாம் வினா. இவற்றுக்கு விடை காண, 1992 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வெளிவந்து ராப் இசையின் சந்தையை மேற்குக் கரைப் பக்கம் திருப்பிய ‘தி குரோனிக்’ தொகுப்பும் உடன்வைத்து நோக்கப்படுகின்றது.

1. மதிப்பீட்டின் இடம்

ஹிப்-ஹாப் 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தோன்றியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த டி.ஜே. கூல் ஹெர்க் அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று நடத்திய இசைவிருந்தே அதன் தொடக்கமாகக் குறிக்கப்படுகின்றது. இசை பிறந்த நகரமே அந்நாட்டுப் பதிப்புத் தொழிலின் தலைநகரமாகவும் இருந்தமையால், அவ்விசை பற்றிய எழுத்தும் அங்கேயே வளர்ந்தது. 1988இல் ஹார்வர்டு மாணவர்களின் செய்தித்தாளாகத் தொடங்கிய ‘தி சோர்ஸ்’ இதழ் பின்னர் நியூயார்க்கிற்கு இடம்பெயர்ந்து, தொண்ணூறுகளில் ராப் விமர்சனத்தின் முதன்மை மேடையாயிற்று. தொகுப்புகளுக்கு ஒலிவாங்கி உருவங்களை மதிப்பெண்ணாக வழங்கிய அதன் முறையில் ஐந்து ஒலிவாங்கி என்பதே உச்சத் தகுதி.

‘இல்மேட்டிக்’ ஐந்து ஒலிவாங்கிகளைப் பெற்றது. ‘தி குரோனிக்’ நான்கரை பெற்றது. அவுட்காஸ்டின் முதல் தொகுப்பும் நான்கரையே பெற்றது. இம்மதிப்பெண்களை மட்டும் கொண்டு வட்டாரச் சார்பை நிறுவ முற்படுவோர் ஒரு சிக்கலை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ‘ரெடி டு டை’ தொகுப்பும் அதே ஆண்டில் நான்கரை ஒலிவாங்கிகளையே பெற்றது. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஐஸ் கியூப் 1990இல் வெளியிட்ட முதல் தனித்தொகுப்போ ஐந்தும் பெற்றது. எனவே எண்களின் அளவில் நியூயார்க் தன்னைத்தானே உயர்த்திக்கொண்டது என்ற எளிய வாதம் நிற்பதில்லை.

ஆயினும் ஐஸ் கியூபின் சான்றைச் சற்று உற்றுநோக்க வேண்டும். அத்தொகுப்பின் இசையமைப்பில் பெரும்பங்கு வகித்தது பப்ளிக் எனிமி குழுவுக்கு இசையமைத்த, நியூயார்க்கைச் சேர்ந்த பாம் ஸ்குவாட் குழுவாகும். மேற்குக் கரையின் குரல், நியூயார்க்கின் ஒலிக்கட்டமைப்பில் வந்தபோது உச்ச மதிப்பெண் கிடைத்தது. மேற்குக் கரை தனக்கே உரிய ஒலியை உருவாக்கிக்கொண்டு வந்தபோது அரை ஒலிவாங்கி குறைந்தது. ஒற்றைச் சான்றைக் கொண்டு விதி வகுக்க இயலாது; எனினும் சார்பைத் தேட வேண்டிய இடம் எது என்பதை இது சுட்டுகின்றது. பாடகர் எவ்வூரைச் சேர்ந்தவர் என்பதைவிட, எவ்வகை ஒலி ‘நல்ல ராப்’ என்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது என்பதே ஆராயத்தக்கது.

2. ‘இல்மேட்டிக்’: ஓர் எழுத்தாளர், பல இசையமைப்பாளர்கள்

‘இல்மேட்டிக்’ பத்துப் பகுதிகளும் ஏறத்தாழ நாற்பது நிமிட நீளமும் உடைய சிறிய தொகுப்பு. ஒரு தொகுப்புக்கு ஒரே இசையமைப்பாளர் அல்லது ஒரே குழு என்ற அக்கால வழக்கிலிருந்து விலகி, டி.ஜே. பிரீமியர், லார்ஜ் புரொஃபசர், பீட் ராக், கியூ-டிப், எல்.இ.எஸ். என ஐவர் இதற்கு இசையமைத்தனர். பழைய ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து ஒலித்துண்டுகளை வெட்டியெடுத்துச் சுழலவிடும் சாம்பிளிங் முறையே அவர்கள் அனைவரின் அடிப்படை நுட்பம். ஒலித்துண்டுகள் வெவ்வேறு கைகளிலிருந்து வந்தாலும், அவற்றை ஒருங்கிணைப்பது நாஸின் சொல்.

அச்சொல்லின் சிறப்பு இயைபின் அடர்த்தியில் உள்ளது. தமிழ் யாப்பில் அடியிறுதி ஒத்துவருவதை இயைபு என்பர். நாஸ் அடியிறுதியில் மட்டுமன்றி அடியின் நடுவிலும் பல அசைகள் தொடர்ந்து ஒத்துவருமாறு அமைக்கின்றார். வாக்கியம் ஓர் அடியில் முடியாமல் அடுத்த அடிக்குள் வழிந்தோடுகின்றது. ‘ஒன் லவ்’ என்னும் பாடல் சிறையிலுள்ள நண்பர்களுக்கு எழுதும் மடலாக அமைந்து, குடியிருப்பின் செய்திகளைச் சொல்லும் போக்கிலேயே அச்சமூகத்தின் சிதைவைக் காட்டுகின்றது. பேசுபவர் பெரும்பாலும் சன்னலோரத்து அவதானிப்பாளராக நிற்கின்றார். எழுதிப் படித்தாலும் பொருளிழக்காத பனுவல் இது. இலக்கியத் திறனாய்வில் பயிற்சி பெற்றவர்க்கு இத்தொகுப்பு உடனடியாக வசப்படுவதன் காரணமும் இதுவே.

3. ‘தி குரோனிக்’: ஓர் இசையமைப்பாளர், பல குரல்கள்

‘தி குரோனிக்’ இதற்கு நேர்மாறான அமைப்புடையது. இங்கு இசையமைப்பு டாக்டர் டிரே என்னும் ஒருவரின் கட்டுப்பாட்டில் உள்ளது; எழுத்தும் குரலும் பலருடையவை. டிரே பாடும் பகுதிகள் பலவற்றின் வரிகளைப் பிறரே எழுதினர். தொகுப்பின் மறக்கவியலாத குரல் ஸ்னூப் டாக்குடையது. டிரேயின் இடம் திரைப்பட இயக்குநரின் இடத்தை ஒத்தது. யார் எப்போது பேசுவது, எக்குரலுக்கு எத்தகைய வெளி வேண்டும், எங்கே மௌனம் வேண்டும் என்பவற்றை அவர் தீர்மானிக்கின்றார்.

ஒலிக்கட்டமைப்பும் வேறு. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்னும் பாடகர்மீது தொடரப்பட்ட வழக்கில், உரிமம் பெறாத சாம்பிளிங் பதிப்புரிமை மீறலே என்று நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன்பின் இசைத்தட்டுகளைத் தாராளமாக வெட்டியொட்டும் முறை பொருட்செலவு மிக்கதாயிற்று. டிரே பழைய ஃபங்க் இசையின் மெட்டுகளை இசைக்கலைஞர்களைக் கொண்டு மீண்டும் வாசிக்கச் செய்து பதிவுசெய்தார். இதனால் பேஸ் கிதாரின் தாழ்ந்த ஒலியும், சிந்தசைசரின் உயர்ந்த மெல்லிய இழையும் தனித்தனியே தெளிவாக நின்றன. இவ்விரண்டுக்கும் இடையே விடப்பட்ட அகன்ற வெளியில் ஸ்னூப் டாக்கின் நிதானமான குரல் உலவுகின்றது. ஜி-ஃபங்க் எனப் பெயர்பெற்ற இவ்வொலி, பரந்த சாலைகளும் கார்ப் பயணமும் மிகுந்த நகரத்தின் கேட்கும் முறைக்கு இயைந்தது. நியூயார்க்கில் சுரங்க ரயிலில் வாக்மேன் வழியாகக் கேட்பவருக்குச் சொல் முன்னிற்கும். காரில் கேட்பவருக்கு உடலில் உணரப்படும் அதிர்வு முன்னிற்கும்.

1992 ஏப்ரல் இறுதியில், ராட்னி கிங்கைத் தாக்கிய வழக்கில் காவலர்கள் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டதைத் தொடர்ந்து லாஸ் ஏஞ்சலிஸில் கலவரம் மூண்டது. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த இத்தொகுப்பில் அந்நிகழ்வை நேரடியாகப் பேசும் பாடலும் உண்டு. ஆனால் அதன் அரசியல், சொல்லப்பட்டதைவிட, எரிந்த நகரத்தின்மேல் விரிக்கப்பட்ட அச்சோம்பலான இனிமையிலேயே மிகுதியும் உள்ளது. வரிகளை மட்டும் எழுதிப் படிப்பவருக்கு இம்முரண் புலப்படாது. வன்முறையும் பெண்ணிழிவுமே எஞ்சும்.

4. அட்லாண்டா: ஒரு வீடு, ஒரு குழு

அவுட்காஸ்டின் முதல் தொகுப்பு மூன்றாவதொரு ஆசிரிய முறையைக் காட்டுகின்றது. ரிக்கோ வேட், ரே மர்ரே, ஸ்லீப்பி பிரவுன் ஆகிய மூவரடங்கிய ஆர்கனைஸ்டு நாய்ஸ் குழு இதற்கு இசையமைத்தது. ரிக்கோ வேடின் தாயார் இல்லத்தின் நிலவறையே அவர்களின் பணியிடம். ‘டன்ஜன்’ எனப்பட்ட அவ்விடத்தில் கூடியோர் நாளடைவில் ‘டன்ஜன் ஃபேமிலி’ என்ற பெரிய குழுவாயினர். 1995இல் ‘சோல் ஃபுட்’ தொகுப்பை வெளியிட்ட குடி மாப் குழுவும் அங்கிருந்து வந்ததே. ‘டர்ட்டி சவுத்’ என்ற சொல்லாட்சி பரவியதும் அத்தொகுப்பில் உள்ள அப்பெயருடைய பாடலின் வழியாகத்தான். இங்குத் தனியொருவர் எழுத்தாளரும் அல்லர், இயக்குநரும் அல்லர். கிதார், பேஸ், ஆர்கன், குழுவாகப் பாடும் பல்லவி ஆகியவற்றால் ஆன இவ்விசை, தேவாலய இசைக்கும் சோல் இசைக்கும் நெருங்கியது.

இத்தொகுப்பின் இடையே, அட்லாண்டாவில் தரையிறங்கும் விமானத்தின் ஓட்டுநர் பயணிகளை வரவேற்கும் சிறு பகுதி வருகின்றது. நகரின் சிறப்புகளைச் சுட்டும் போக்கில், இன்னும் பறந்துகொண்டிருக்கும் கூட்டமைப்புக் கொடியையும் அவர் சுட்டுகின்றார். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடிச்சின்னம் ஜார்ஜியா மாநிலக் கொடியில் 1956 முதல் 2001 வரை இடம்பெற்றிருந்தது. 1996 ஒலிம்பிக் போட்டிக்கு அட்லாண்டா தன்னை ஒப்பனை செய்துகொண்டிருந்த வேளையில் இவ்வறிவிப்பு வந்தது. ஒரு சரணம்கூட இல்லாத இப்பகுதி, சரணங்களின் இயைபை மட்டும் எண்ணும் விமர்சனத்தில் இடம்பெறாது. தொகுப்பின் அரசியல் மையமோ இதுதான்.

1995 ஆகஸ்ட் 3 அன்று நியூயார்க்கில் நடைபெற்ற ‘தி சோர்ஸ்’ இதழின் விருது விழாவில் அவுட்காஸ்ட் சிறந்த புதிய குழுவுக்கான விருதைப் பெற்றது. அரங்கினர் கூச்சலிட்டு எதிர்த்தனர். அக்கூச்சலுக்கு நடுவே, தெற்குக்கும் சொல்வதற்கு ஏதோ உண்டு என்ற பொருளில் ஆந்த்ரே சுருக்கமாகப் பேசி மேடையை விட்டு இறங்கினார். விருது வழங்கிய இதழும் கூச்சலிட்ட அரங்கும் ஒரே நகரத்தவை என்பது நோக்கத்தக்கது. தெற்கை ஏற்க விமர்சகர்கள் ஆயத்தமாக இருந்தபோதும், ஹிப்-ஹாப் எம்முடையது என்ற உரிமையுணர்வு அரங்கில் மேலோங்கி நின்றது. அதே இதழ் 1998இல் அவுட்காஸ்டின் மூன்றாம் தொகுப்பான ‘அக்குவெமினை’க்கு ஐந்து ஒலிவாங்கிகளை வழங்கியது.

5. அளவுகோலை இடம்மாற்றுதல்

மூன்று தொகுப்புகளையும் இவ்வாறு நிறுத்திய பின், ஒன்றன் அளவுகோலை மற்றொன்றன்மீது வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

‘இல்மேட்டிக்’கின் அளவுகோலால் ‘தி குரோனிக்’கை அளந்தால் அது தோற்கும். தன் வரியைத் தானே எழுதாதவரை நியூயார்க் மரபு எளிதில் மதிப்பதில்லை. ‘தி குரோனிக்’கின் அளவுகோலால் ‘இல்மேட்டிக்’கை அளந்தால் அதுவும் தடுமாறும். அதன் ஒலி நெருக்கமானது. தாழ்ந்த அதிர்வுகளுக்கு அதில் இடம் குறைவு. ஐவரின் இசை ஒரே வடிவமாக இணைவதும் நாஸின் குரலால்தான். இக்குறை ‘இல்மேட்டிக்’ பற்றிய மதிப்புரைகளில் குறையாகவே கருதப்படுவதில்லை. டிரேயின் எழுத்தாசிரியம் பற்றிய ஐயமோ அவரைப் பற்றிய பேச்சில் தொடர்ந்து எழுகின்றது. வட்டாரச் சார்பு வெளிப்படும் இடம் இதுவே. ஒருவரின் குறை குறையாகவும், மற்றவரின் குறை இயல்பாகவும் கொள்ளப்படுகின்றது.

தெற்கைப் பொறுத்தவரை அநீதி இன்னும் கூர்மையானது. தெற்கத்திய பாடகர்களுக்குச் சொல்லாற்றல் இல்லை என்ற கூற்று நியூயார்க் அளவுகோலின்படியே பிழையானது. டெக்ஸாஸின் போர்ட் ஆர்தர் நகரைச் சேர்ந்த யூஜிகே இணையர் 1996இல் வெளியிட்ட ‘ரைடின் டர்ட்டி’ தொகுப்பில் பன் பி நிகழ்த்தும் அடர்ந்த உள்ளியைபுகள், நாஸின் வரிகளுக்கு இணைவைத்து எண்ணத்தக்கவை. அவை எண்ணப்படாமைக்குத் தெற்கத்தியப் பேச்சின் நீட்டலும் இழுவையும் ஒரு காரணம். அவ்வுச்சரிப்பு அமெரிக்கப் பொதுப்புத்தியில் நாட்டுப்புறத்தன்மையின், கல்வியின்மையின் அடையாளமாக நெடுங்காலம் பதிந்திருந்தது. இசைபற்றிய தீர்ப்பாகத் தோன்றிய ஒன்று, உண்மையில் கிளைமொழி பற்றிய முன்முடிவாக இருந்தது.

6. வட்டாரத் தூய்மை என்னும் கற்பிதம்

வட்டாரங்களைத் தூய அலகுகளாகக் கொள்வதும் பொருந்தாது. நியூயார்க்கின் முன்மாதிரித் தொகுப்பான ‘இல்மேட்டிக்’கில் கார்னெட் வாசித்தவர் நாஸின் தந்தை ஒலு டாரா, அவர் தெற்கின் மிசிசிப்பி மாநிலத்து நாட்செஸ் நகரில் பிறந்தவர். ‘தி குரோனிக்’கின் வரிகளை உருவாக்கியதில் முதன்மைப் பங்குடைய தி டி.ஓ.சி. டெக்ஸாஸின் டல்லாஸைச் சேர்ந்தவர். அதில் பாடும் குரப்ட் ஃபிலடெல்ஃபியாவிலும், லேடி ஆஃப் ரேஜ் வர்ஜினியாவிலும் பிறந்தவர்கள். ஜி-ஃபங்க் ஒலியின் ஊற்றான ஜார்ஜ் கிளின்டன் வட கரோலைனாவில் பிறந்து, நியூயார்க்கிற்கு அண்மையிலுள்ள நியூ ஜெர்சியில் வளர்ந்தவர்.

இவை தற்செயல் நிகழ்வுகள் அல்ல. ஏறத்தாழ 1910 முதல் 1970 வரையிலான பெரும் இடப்பெயர்வில் 60 இலட்சம் அளவிலான கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்குச் சென்றனர். நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகள் பலவற்றின் முன்தலைமுறை தெற்கத்தியது. அவ்வகையில் 1995இல் அரங்கில் எழுந்த கூச்சல், பேரப்பிள்ளைகள் பாட்டன் ஊரைப் பார்த்து எழுப்பியது.

7. மறுப்புகளும் எல்லைகளும்

இவ்வாதத்திற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, ஒவ்வொன்றையும் அதனதன் அளவுகோலால் மதிப்பிட்டால் எல்லாமே சிறந்தவை என்றாகிவிடும் என்பது. ஆனால் அளவுகோல் பலவாயினும் தோல்வி தோல்வியே. ‘தி குரோனிக்’கின் வெற்றிக்குப் பின் வந்த ஜி-ஃபங்க் நகல்களுள் பல, அதே ஒலியைக் கொண்டிருந்தும் அதன் வெளியமைப்பை எட்டவில்லை. நாஸைப் பின்பற்றிய அடர்த்தியான எழுத்துகளுள் பல, சொல்லடுக்காகவே நின்றுவிட்டன.

இரண்டாவது, விற்பனை சார்பைச் சமன்செய்துவிட்டது என்பது. ‘தி குரோனிக்’ வெளிவந்த ஓராண்டுக்குள் மும்மடங்குப் பிளாட்டினத் தகுதியை எட்டியது. ‘இல்மேட்டிக்’ தங்கத் தகுதி பெறவே 1996 வரை காத்திருந்தது. எனினும் விற்பனையே ‘வணிகத்தன்மை’ என்ற குற்றச்சாட்டாகத் திருப்பப்பட்டது. சிகாகோவின் காமன் 1994இல் ஹிப்-ஹாப்பை ஒரு பெண்ணாக உருவகித்து, அவள் மேற்கே சென்று தன் இயல்பை இழந்ததாகப் பாடினார். ஐஸ் கியூப் தரப்பிலிருந்து மறுநிலைப் பாடல் எழுந்தது. விற்பனையும் மதிப்பும் வெவ்வேறு களங்களில் இயங்கின என்பதையே இது காட்டுகின்றது.

மூன்றாவது, சார்பு ஒருவழிப்பட்டதன்று என்பது. இது உண்மையே. 1995இல் தி டாக் பவுண்டு குழு நியூயார்க்கைப் பற்றி வெளியிட்ட பாடலின் காட்சிப்படத்தில் மேற்குக் கரைக் கலைஞர்கள் அந்நகரக் கட்டடங்களை உதைத்துத் தகர்த்தனர். 1996 செப்டம்பரில் டூபாக் ஷகூரும், 1997 மார்ச்சில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் சுட்டுக்கொல்லப்பட்டனர். இக்கொலைகளை வட்டாரப் பகையின் நேர்விளைவாகக் கொள்வது எளிமைப்படுத்தலாகும். எனினும் ரசனை வேறுபாட்டைப் போராகச் சித்திரித்த இதழியல் மொழி அச்சூழலைச் சூடேற்றியது என்பதை மறுக்கவியலாது. 2000களில் தெற்கு சந்தையைக் கைப்பற்றியபோது, நாஸ் 2006இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பே ஹிப்-ஹாப் இறந்துவிட்டது என அறிவித்தது. மையம் நகரும்போது பழைய மையத்திலிருந்து மரண அறிவிப்பு வருவது இயல்பு.

ஓர் எல்லையையும் சுட்ட வேண்டும். மூன்று தொகுப்புகளிலும் பெண்கள் பெரும்பாலும் பேசப்படுவோராகவே உள்ளனர். வட்டார நீதி கோரும் வாசிப்பு இவ்வநீதியை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. அதேவேளை, நாஸின் வன்முறைச் சித்திரிப்பு ‘சாட்சியம்’ எனவும் டிரேயின் சித்திரிப்பு ‘கொண்டாட்டம்’ எனவும் பிரிக்கப்படும்போது, அப்பிரிவில் எவ்வளவு பனுவலைச் சார்ந்தது, எவ்வளவு முகவரியைச் சார்ந்தது என்றும் வினவ வேண்டும்.

முடிவுரை

இவ்விவாதம் இரசிகர்களின் பட்டியல் சண்டையாக மட்டும் இருந்திருப்பின் ஆய்வுக்கு உரியதன்று. இன்று அது நூலகங்களுக்கும் பாடத்திட்டங்களுக்கும் வந்துசேர்ந்துள்ளது. ஹார்வர்டு பல்கலைக்கழக இசை நூலகத்தில் பாதுகாக்கவென முதலில் தெரிவு செய்யப்பட்ட நான்கு ராப் தொகுப்புகளுள் மூன்று தொண்ணூறுகளைச் சேர்ந்தவை. ‘இல்மேட்டிக்’ உள்ளிட்ட அம்மூன்றும் நியூயார்க், அதனையொட்டிய நியூ ஜெர்சி ஆகியவற்றின் கலைஞர்களுடையவை. நான்காவது, காம்ப்டனின் கென்ட்ரிக் லமார் 2015இல் வெளியிட்டது. தெற்கு அதில் இல்லை. மறுபுறம், பாடல்களின் வேகத்தைக் குறைத்து ஒலிநாடாக்களில் பரப்பிய ஹூஸ்டனின் டி.ஜே. ஸ்க்ரூவின் இசைத்தட்டுச் சேகரத்தை ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் பேணுகின்றது. பாதுகாக்கப்படுவது எது என்பது பாதுகாப்பவர் எங்கிருக்கிறார் என்பதைப் பொறுத்தும் அமைகின்றது.

ஓர் எழுத்தாளரைச் சுற்றிப் பல இசையமைப்பாளர்கள், ஓர் இசையமைப்பாளரைச் சுற்றிப் பல குரல்கள், ஒரு வீட்டைச் சுற்றி ஒரு குழு என மூன்று நகரங்கள் மூன்று ஆசிரிய முறைகளை வளர்த்தெடுத்தன. முதலாவது முறை அச்சுப் பண்பாட்டுக்கு நெருக்கமானது. அதனால் எழுத்தை முதன்மைப்படுத்தும் விமர்சனமும், அதன் வழிவந்த கல்விப்புலமும் அதனைப் பொதுவிதியாகக் கொண்டன. ‘இல்மேட்டிக்’கின் தகுதியைக் குறைப்பது இவ்வொப்பீட்டின் நோக்கமன்று, அத்தொகுப்பும் ஒரு வட்டாரப் படைப்பே என்று ஏற்பதே தேவையானது. அவுட்காஸ்டைத் ‘தெற்கத்திய ராப்’ என்று குறிப்போர், நாஸை ‘நியூயார்க் ராப்’ என்று குறிக்கத் தொடங்கும்போதே ஒப்பீடு நேர்மையாகும்.